ஆனைமலைத் தேக்கு: நூறு வயது மரத்தை வெட்டலாமா, விடலாமா?

பொள்ளாச்சி வாசகன்

வீடு கட்டும் செலவு பற்றிய இழையில் ஒரு நண்பர் கேட்ட கேள்வி அங்கேயே அமுங்கிப் போனதால் தனியாக எழுதுகிறேன். "ஆனைமலையில் டாப்ஸ்லிப்பிலும் பறம்பிக்குளத்திலும் அரசாங்கத் தேக்கு நூறு வருடமாகச் சும்மா நிற்கிறது, அதை வெட்டாமல் ஆப்பிரிக்கத் தேக்கைக் கப்பலில் இறக்கிக் காசைக் கொட்டுகிறோம், இது என்ன நியாயம்?" என்று கேட்டிருந்தார். நிலைக்கும் கதவுக்கும் மரம் வாங்கப் போன யாருக்கும் இந்த எரிச்சல் வரும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு வேறு விஷயங்கள் இதில் கலந்து கிடக்கின்றன. பிரிக்காமல் பேசினால் சண்டைதான் மிச்சம்.

ஒன்று, தானாக வளர்ந்த காடு. பறம்பிக்குளத்தில் துணக்கடவு பக்கம் நிற்கிற கன்னிமாரா தேக்கைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். வயது 450 என்கிறார்கள், அடிமரத்தைச் சுற்றிப் பிடிக்க நாலைந்து பேர் கை கோக்க வேண்டும். அது யாரும் நட்டது இல்லை. இன்னொன்று, நட்ட தோட்டம். டாப்ஸ்லிப்பைச் சுற்றி நாம் பார்க்கும் தேக்கில் பெரும்பகுதி இந்த வகை. அங்கிருந்த பழைய தேக்கெல்லாம் சரிவில் சறுக்கிவிடப்பட்டு, பம்பாய் கப்பல் துறைக்கும் ரயில்வே ஸ்லீப்பருக்கும் போய்விட்டது. மொட்டையாகக் கிடந்த இடத்தில் மறுபடி தேக்கை வளர்த்தவர்களில் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி முக்கியமானவர். 1933இல் இறந்தவரை அந்த மரங்களுக்கு நடுவிலேயே புதைத்திருக்கிறார்கள். பறம்பிக்குளம் பக்கத்து மரத்தை சாலக்குடிக்கு இறக்கவென்றே கொச்சி சமஸ்தானம் டிராம் பாதை போட்டு 1907இல் ஓட்டியது. அவ்வளவு மரம் போயிருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகும் வெட்டு நிற்கவில்லை. கேரளப் பக்கத்து மழைக்காடுகளில் ஸ்லீப்பருக்கும் பிளைவுட்டுக்கும் 'தேர்ந்து வெட்டுவது' நடந்தது, அதாவது குறிப்பிட்ட சுற்றளவுக்கு மேல் பருத்த மரத்தை மட்டும் எண் போட்டு எடுப்பது. கேட்க நன்றாக இருக்கும், எல்லாவற்றையும் மொட்டையடிக்கவில்லையே என்று. ஆனால் எது போகிறது என்று பாருங்கள். காட்டிலேயே பெரிய மரம்தான் போகிறது, இருவாச்சிப் பறவை கூடு வைக்கப் பொந்து இருப்பதும் அந்த மரத்தில்தான். அதை இழுக்கக் கூப்பு ரோடு (மரம் இறக்கும் காட்டுப் பாதை) வெட்டுகிறார்கள், ரோட்டோரம் வெயில் விழுகிறது, உண்ணிச்செடி (லண்டானா என்ற களைப்புதர்) ஏறுகிறது. 1987இல் கேரளம் இதை நிறுத்தியது. 1988 தேசிய வனக் கொள்கை இன்னும் தெளிவாகவே சொன்னது: காடு வருமானத்துக்கு இல்லை, மரத் தொழிற்சாலைகள் விவசாயிகளோடு சேர்ந்து தங்கள் மரத்தைத் தாங்களே வளர்த்துக்கொள்ளட்டும் என்று.

என் கட்சி இதுதான். தானாக வளர்ந்த முதிர்ந்த காட்டை மரக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது, ஒரு கன அடி கூட. நட்ட தோட்டத்தைப் பற்றிப் பேசலாம், ஆனால் அது நிற்கும் இடத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும். மரம் பருத்துவிட்டது என்பது மட்டும் வெட்டுவதற்குக் காரணம் ஆகாது. மற்றவர்கள் சொல்லுங்கள்.


மரவாடி, செங்கோட்டை

அண்ணே, நல்ல இழை. ஆனால் மரம் அறுத்துப் பிழைக்கிறவன் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள். எங்களைக் கண்டாலே கோடாலி என்று நினைக்கிற பழக்கம் இந்தக் குழுவில் கொஞ்சம் உண்டு.

பருத்த மரம் ஏன் வேண்டும் என்று ஒரு கணக்கு காட்டுகிறேன். மரவாடியில் உருட்டு மரத்தை எப்படி அளக்கிறோம் தெரியுமா? நடுச் சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 144ஆல் வகுக்க வேண்டும். 10 அடி நீளம், 30 அங்குலச் சுற்றளவுத் தேக்கு என்றால் ஏழரையை ஏழரையால் பெருக்கிப் போட்டால் சுமார் 3.9 கன அடி வரும். அதே நீளத்தில் 60 அங்குலம் என்றால் 15.6. சுற்றளவு இரட்டிப்பு ஆனால் மரம் நாலு மடங்கு. அதோடு சின்ன மரத்தில் பாதிக்குப் பக்கம் வெள்ளை, அதாவது பட்டையை ஒட்டிய வெளிர் மரம், அதைக் கரையான் சும்மா விடாது. பெரிய மரத்தில் வெள்ளை ஒரு விரல் கனம்தான், மீதியெல்லாம் சேகு, அதாவது உள்ளே இருக்கும் கெட்டி மரம். கேரள வனத்துறை டிப்போ ஏலத்திலும் 150 சென்டிமீட்டர் சுற்றளவுக்கு மேல் இருந்தால்தான் முதல் ரகம். வீட்டுக்காரர் வந்து "வைரம் பாய்ந்த மரமாகக் கொடுங்கள்" என்று கேட்டால் நான் இருபது வயது வரப்புத் தேக்கை எப்படிக் காட்டுவது?

இப்போது எங்கள் பக்கம் அறுபடுவதில் பாதிக்கு மேல் தூத்துக்குடியில் இறங்கும் வெளிநாட்டு மரம். முன்பு பர்மா. 2014 ஏப்ரலில் அவர்கள் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் கானா, தென் அமெரிக்கா என்று தேடிப் போனோம். மலேசிய மரம் எப்போதும் உண்டு. நீங்கள் ஆனைமலையைப் பூட்டுகிறீர்கள், சரி, நானும் அந்தக் காட்டைப் பார்த்து வளர்ந்தவன்தான். ஆனால் இங்கே பூட்டியதால் எங்கேயோ ஒரு காடு திறந்துகொள்கிறதே, அதற்கு என்ன பதில்? பர்மாக் காட்டிலும் யானை இருக்கிறது, அங்கேயும் மரத்தில் கூடு கட்டும் பறவை இருக்கிறது. நம் கண்ணுக்குப் படவில்லை என்பதால் அந்த வெட்டு பாவம் இல்லை என்று ஆகிவிடுமா?


கூடலூர் ஆசிரியை

மரவாடி சார் கேட்டது சரியான கேள்வி. பதில் சொல்லும் முன் எங்கள் ஊர்க் கதையைச் சொல்ல வேண்டும், இந்தியா முழுக்க இப்போது இருக்கும் கட்டுப்பாடு எங்கள் மலையிலிருந்து போனதுதான்.

கூடலூரின் ஜன்மம் நிலங்கள், அதாவது பரம்பரை உரிமை நிலங்கள், நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தினுடையவை. 1969இல் ஜன்ம ஒழிப்புச் சட்டம் வந்தது, வழக்கு மேல் வழக்காக இழுத்தது, அந்த இடைவெளியில் பெரிய பெரிய மரங்கள் லாரி லாரியாக இறங்கின. கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் நேராக உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவு கூடலூரோடு நிற்கவில்லை. யார் பெயரில் இருந்தாலும் காடு காடுதான், மத்திய அரசு ஒப்புதல் பெற்ற செயல் திட்டம் (எதை எப்போது வெட்டலாம் என்று வனத்துறை எழுதும் திட்டம்) இல்லாமல் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக் கூடாது என்று நாடு முழுவதற்கும் சொன்னது. அந்த உத்தரவு வராமல் இருந்திருந்தால் இன்று எங்கள் பக்கம் ஈட்டி மரம் என்றால் பிள்ளைகளுக்குப் புத்தகத்தில்தான் காட்ட வேண்டும்.

அதே சமயம் அதன் வலியும் எங்களுக்குத்தான். பட்டா இல்லாமல் மூன்று தலைமுறையாக இருப்பவர்கள், தாங்களே நட்ட சில்வர் ஓக்கைக் கூட வெட்ட முடியாமல் அலைகிறார்கள். பெரிய மரத்தைக் காப்பாற்றிய சட்டம் சின்ன ஆளை நசுக்கக் கூடாது. இதை இரண்டு பக்கமும் பேசுகிறவர்கள் குறைவு.


புதுக்கோட்டை விவசாயி

ஆசிரியை அம்மா சொன்ன கடைசி வரி எங்களுக்கும் பொருந்தும், நாங்கள் மலையிலேயே இல்லை.

மரவாடி அண்ணனுக்கு என் பதில்: மரம் எங்களிடம் இருக்கிறது, வாங்க வழி பண்ணுங்கள். வரப்பில் தேக்கு, தனிப் பாத்தியில் மலைவேம்பு, தண்ணீர் இல்லாத மேட்டில் சவுக்கு போட்டிருக்கிறேன். சவுக்கு மூன்று நாலு வருடத்தில் காசு, மலைவேம்பு ஆறேழு வருடத்தில் பிளைவுட்டுக்குப் போகும், தேக்குதான் பிள்ளை கல்யாணத்துக்கு. காட்டுக்குள் போகாமலே இந்த நாட்டின் மரத் தேவையில் பெரும்பங்கு எங்கள் வயலிலிருந்துதான் வருகிறது. இது நான் பெருமைக்குச் சொல்வது இல்லை, இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2023 அறிக்கை காட்டுக்கு வெளியே நிற்கும் மரங்களிலிருந்து வருடத்துக்கு 9 கோடி கன மீட்டருக்கு மேல் தொழில் மரம் எடுக்க முடியும் என்கிறது. அரசுக் காடுகளிலிருந்து வருவது அதோடு ஒப்பிட்டால் ரொம்பச் சின்ன அளவு. யமுனாநகர் பிளைவுட் ஆலைகள் பஞ்சாப், ஹரியானா விவசாயியின் பாப்லரில் ஓடுகின்றன, பெரும்பாவூர் ஆலைகள் ரப்பர் மரத்தில் ஓடுகின்றன. காட்டு மரம் இல்லாமல் தொழில் செத்துவிடும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் வெட்டி ஏற்றுவதற்குள் உயிர் போய்விடும். என் சொந்தப் பட்டா, நான் தண்ணீர் ஊற்றிய தேக்கு. சிட்டா, அடங்கல், கிராம நிர்வாக அலுவலர் சான்று, மரத்துக்கு எண், அளவு, அப்புறம் மரத்தை ஏற்றிப் போக பாஸ் என்று ஒவ்வொரு மேசையாக நின்றேன். ஒரு அலுவலகத்தில் அளக்க வருகிறோம் என்று சொல்லிச் சொல்லியே மழைக்காலம் வந்துவிட்டது, லாரி வயலுக்குள் இறங்கவில்லை, வியாபாரி விலையைக் குறைத்துவிட்டார். இது தெரிந்த பக்கத்து வயல்காரர் "தேக்கே வேண்டாம், தென்னை வைக்கிறேன்" என்று போய்விட்டார். அப்படி ஒருவர் விலகும்போதெல்லாம் காட்டின் மேல் ஒரு கண் கூடுகிறது. 2017இல் இந்திய வனச் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரக் கணக்கிலிருந்து எடுத்தார்களே, அதனால் காடு ஒன்றும் அழிந்துவிடவில்லை. வயல் தேக்குக்கும் அப்படி ஒரு வழி வேண்டும்.


பொள்ளாச்சி வாசகன்

புதுக்கோட்டை அண்ணா, முழுக்க உடன்படுகிறேன், ஒரே ஒரு எச்சரிக்கையோடு. வயநாட்டு முட்டில் விவகாரம் நினைவிருக்கும். விவசாயிகள் தங்கள் நிலத்தில் தாங்களே நட்ட மரத்தையும் தானாக முளைத்த மரத்தையும் வெட்டிக்கொள்ளலாம் என்று கேரள அரசு 2020 அக்டோபரில் ஓர் உத்தரவு போட்டது. நல்ல நோக்கம்தான். அதைக் காட்டியே வியாபாரிகள் உள்ளே புகுந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஈட்டி மரங்களைச் சாய்த்தார்கள், பல மரங்கள் நூறு வயதைத் தாண்டியவை. 2021 பிப்ரவரியில் உத்தரவைத் திரும்பப் பெறும்போது மரம் கீழே கிடந்தது. தேக்கை நட்டவன் வெட்டட்டும், அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. நாம் பிறப்பதற்கு முன்பே நின்ற ஈட்டியை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எந்த இனம், எந்த வயது, யார் நட்டது என்பதைப் பிரித்து எழுதாத உத்தரவு எப்போதும் பெரிய மரத்தின் தலையில்தான் விழுகிறது.


ஓய்வுபெற்ற வனவர்

தேக்குத் தோட்டத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒரு விஷயம். எல்லோரும் "தோட்டம் தானே, வெட்டலாம்" அல்லது "காடு தானே, தொடாதே" என்று இரண்டே கட்சியாக நிற்கிறீர்கள். களத்தில் அப்படி இல்லை.

தேக்குத் தோட்டம் என்பது நட்டுவிட்டு அறுபது வருடம் கழித்துப் போய் வெட்டுவது இல்லை. நாலாம் வருடம் ஒரு முறை, எட்டாம் வருடம் ஒரு முறை நடுவில் நடுவில் மரத்தை எடுத்து இடம் விட வேண்டும், அப்புறம் பதின்மூன்று, இருபது, முப்பது, நாற்பது என்று கலைத்துக்கொண்டே வந்தால்தான் நிற்கிற மரம் பருக்கும். நிலம்பூரில் 1840களில் மலபார் கலெக்டர் கனோலி காலத்தில் அவரிடம் வேலை பார்த்த சாத்து மேனன் நட்டதிலிருந்து இந்த முறை படிப்படியாக வந்தது. அப்படிக் கலைத்து வந்த தோட்டத்தில் வெளிச்சம் இறங்கும், கீழே புல் வரும், மான் வரும். கலைக்காமல் பாதியில் விட்டுவிட்ட தோட்டத்தைப் பாருங்கள். எல்லா மரமும் கம்பு மாதிரி ஒல்லியாக, உச்சியில் மட்டும் தழை. ஜனவரியில் இலை மொத்தமும் கொட்டிவிடும், முழங்கால் வரை சருகு, மார்ச்சில் ஒரு பீடித் துண்டு போதும். புழு அரித்த இலை வலைபோல நரம்பு மட்டும் மிஞ்சிக் கிடக்கும், காலை வைத்தால் ஒரு பர்லாங் தூரம் சத்தம் கேட்கும். அடியில் உண்ணிச்செடியைத் தவிர வேறு எதுவும் எழும்பாது.

புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் தோட்டங்களுக்கு இதுதான் கதி. 1972 வன உயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 29ஆம் பிரிவுப்படி சரணாலயத்துக்குள் வன உயிர்களின் நன்மைக்கு என்றால் தவிர எதையும் எடுக்கக் கூடாது, எடுத்தாலும் வியாபாரத்துக்குக் கூடாது. 2000 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் செத்த மரம், காற்றில் விழுந்த மரம்கூட எடுக்கக் கூடாது என்று தடுத்தது. தடை வேண்டியதுதான். 'விழுந்த மரம்' என்ற பெயரில் நிற்கிற மரத்தை விழவைத்து எடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் தோட்டத்தைக் காடாக மாற்றுவதற்காகக் கலைப்பதும் இதே தடைக்குள் மாட்டிக்கொண்டது. என் கருத்து, சரணாலயத்துக்கு உள்ளே இருக்கும் தோட்டங்களில் அறுவடை கூடாது, கலைத்துவிட வேண்டும். மரத்தில் காசு வருகிறதே என்பதற்காக இல்லை, அந்த இடம் மறுபடி காடாக வேண்டும் என்பதற்காக.


வால்பாறை தேவி

வனவர் ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். "காட்டுக்காகத்தான் வெட்டுகிறோம்" என்று ஆரம்பித்த எந்த வேலையும் காட்டோடு நின்றதாக இந்த மலையில் கதை கிடையாது.

மழைக்காட்டை ஒட்டி நிற்கும் பழைய தேக்கையும் யூக்கலிப்டஸையும் வந்து பாருங்கள். யாரும் கலைக்கவில்லை. இருவாச்சியும் பழந்தின்னி வௌவாலும் விதை போட்டு, நிழலில் நாட்டு மரம் தானாக எழும்பிக்கொண்டிருக்கிறது. அந்த நிழலைத் திறந்துவிட்டால் முதலில் ஓடி வருவது உண்ணிச்செடிதான், நீங்களே சொன்னீர்களே.

விழுந்த மரம் வீண் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் எஸ்டேட்டுக்குப் பின்னால் சோலையோரம் ஒரு தான்றி மரம் விழுந்து கிடக்கிறது. பட்டை உரிந்த இடமெல்லாம் விரல் நுழையும் துளைகள், உள்ளே வண்டுப் புழு. மரங்கொத்தி கொத்திக் கொத்தி ஒரு பக்கத்தைத் தூளாக்கிவிட்டது. அடிப்பக்கம் ஈரத்தில் காளான் தட்டு தட்டாக நிற்கிறது, கையை உள்ளே விட்டால் வெளியே வெயில் காயும்போதும் ஜில்லென்று இருக்கும். மேலே பாசி படர்ந்து, அதன் மேல் நாலு நாற்று. தரையில் முளைத்ததை மான் மேய்ந்துவிட்டது, மரத்தின் மேல் முளைத்தது மட்டும் தப்பி நிற்கிறது. மரவாடி அண்ணன் டேப் போட்டால் அது எத்தனையோ கன அடி. ஆனால் அங்கே ஒரு முழுக் குடும்பமே குடியிருக்கிறது. ஒரு துண்டு கூடத் தூக்க விடமாட்டேன்.


மெல்பேர்ண் வாசி, ஊர் யாழ்ப்பாணம்

இரண்டு பேருமே சொல்வது எனக்கு விளங்குகிறது. நான் இருக்கிற விக்டோரியா மாநிலத்தில் இதே சண்டை பல வருடமாக நடந்து, இப்போது ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது, அதைச் சொன்னால் உதவும்.

இங்கே அரசுக் காட்டில் மலைச் சாம்பல் மரம் என்று ஒரு யூக்கலிப்டஸ் இனம், பூக்கும் மரங்களில் உலகத்திலேயே மிக உயரமானவற்றில் ஒன்று. அதை வெட்டிக் காகிதக் கூழுக்கும் பலகைக்கும் கொடுத்துவந்தார்கள். சுழற்சி கிட்டத்தட்ட 80 வருடம் என்று கணக்கு. லெட்பீட்டர் போசம் என்று கையளவு விலங்கு ஒன்று, மாநிலத்தின் சின்னமே அதுதான், அது வாழ்வதற்கு மரப்பொந்து வேண்டும். பொந்து விழ 120 வருடத்துக்கு மேல் ஆகும். கணக்கைப் பாருங்கோ. மரத்தை "திரும்ப நடுகிறோம்" என்று எவ்வளவு நேர்மையாகச் சொன்னாலும், பொந்து விழுவதற்கு 40 வருடம் முன்னால் கோடாலி வந்துவிடும். காடு இருக்கும், பொந்து மட்டும் என்றைக்கும் இருக்காது. 2009 பெருந்தீயில் மிச்சமிருந்த பழைய மரங்களிலும் நிறைய எரிந்துபோயின.

ஊர்க்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். வெட்டுவதற்கு முன் மரத்துக்கு மரம் சறுக்கிப் பறக்கும் கிளைடர் என்ற விலங்குகள் இருக்கின்றனவா என்று ஒழுங்காகத் தேட வேண்டும் என்று 2022இல் தீர்ப்பு வந்தது. தேடினால் இருக்கும், இருந்தால் வெட்ட முடியாது. 2030 வரை இழுக்கலாம் என்றிருந்த அரசு, 2023 மே மாதம் தேதியை முன்னுக்குக் கொண்டுவந்து, 2024 ஜனவரி 1 முதல் அரசு இயற்கைக் காட்டில் வணிக மரவெட்டே இல்லை என்றது. மேரிவேல் ஆலையில் வெள்ளைக் காகிதம் செய்வது அதற்கு முன்பே நின்றுபோனது. வேலை இழந்தவர்களோடு நான் பேசியிருக்கிறேன், மூன்று தலைமுறையாக மரம் அறுத்த குடும்பங்கள். இழப்பீடும் மறுபயிற்சியும் கொடுத்தார்கள், ஆனால் தோட்ட மரத்தை இருபது முப்பது வருடத்துக்கு முன்பே போதிய அளவு நட்டிருந்தால் இந்த அடி இவ்வளவு வலித்திருக்காது. மூடுகிற தேதி வந்த பிறகு நட்டு என்ன பயன்?

இலங்கையிலும் 1990இல் இயற்கைக் காடுகளில் மரவெட்டைத் தடைசெய்தார்கள். எழுபதுகளில் சிங்கராஜா மழைக்காட்டுக்குள் பிளைவுட்டுக்காக இயந்திரத்தை இறக்கி வெட்டியதை மக்கள் எதிர்த்து நிறுத்திய பிறகு வந்தது அது. அங்கே தேவையைத் தாங்கியது வீட்டுத் தோட்டங்கள். பலா, வேம்பு, தேக்கு, மலைவேம்பு என்று வளவுக்குள் நிற்கிற மரங்கள். ஆனால் வளவுப் பலாவைத் தறிக்கவும் அனுமதி எடுக்க வேண்டும், புதுக்கோட்டை அண்ணன் சொல்கிற அலைச்சல் அங்கேயும் உண்டு. வன்னியில் முதிரை மரமும் பாலை மரமும் இரவில் களவாகப் போவது இன்னும் நிற்கவில்லை.


மரவாடி, செங்கோட்டை

தேவி தங்கச்சி, அந்தத் தான்றியை யாரும் கேட்கவில்லை. இயற்கைக் காட்டைத் தொடவேண்டாம் என்பதில் எனக்கும் சண்டை இல்லை. நான் கேட்பது சரணாலயத்துக்கு வெளியே, ரோட்டோரம், சமதரையில் நிற்கும் அரசுத் தோட்டங்களை. நிலம்பூர்ப் பக்கம் அப்படித்தானே வெட்டி, திரும்ப நட்டு வருகிறார்கள்.

மெல்பேர்ண் நண்பர் சொன்ன பொந்துக் கணக்கை நான் இதுவரை யோசித்தது இல்லை, நல்ல கணக்கு. அதை அப்படியே திருப்பிப் போடுங்கள். பொந்து விழாத வயதில், பொந்து வேண்டாத இடத்தில் நிற்கும் மரத்தை 50, 60 வருடத்தில் எடுப்பதில் தப்பு இல்லை என்றுதானே அதற்கு அர்த்தம்?


ஓய்வுபெற்ற வனவர்

அர்த்தம் அதுதான் தம்பி. அதற்கு நாலு கேள்வி கேட்டுப் பார்த்தால் போதும், ஒவ்வொரு தோட்டத்தையும் தனித்தனியாக. சரணாலயத்துக்கு உள்ளேயா வெளியேயா, யானை கடக்கும் வழியா, ஓடை எவ்வளவு பக்கம், சரிவு எவ்வளவு. இந்த நாலில் ஒன்று உதைத்தாலும் அறுவடை கிடையாது, காடாக விட வேண்டியதுதான். நாலும் சரியாக இருந்தால் வெட்டி, அதே இடத்தில் நடலாம். வெட்டும்போதும் ஓடையோரத்தையும் ஏற்கெனவே பொந்து விழுந்த மரங்களையும் விட்டுவிட வேண்டும். பத்து வருடத்துக்கு ஒருமுறை எழுதும் செயல் திட்டத்தில் இதை எழுத இடம் இருக்கிறது. ஆனால் எழுதும்போது ஊர்க்காரர் யாரும் கேட்பதில்லை, எழுதி முடித்து எண் போட்ட பிறகுதான் எல்லோரும் வருகிறார்கள்.

தேவி அம்மாவுக்கு: மழைக்காட்டை ஒட்டி நாட்டு மரம் தானாக எழும்பும் இடத்தில் கை வைக்க வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். நான் சொல்வது விதை வர வழியே இல்லாத, சுற்றிலும் தேக்கும் உண்ணிச்செடியுமாக இருக்கும் நடுப்பகுதியை. அங்கே கலைத்த மரம் வெளியே போகாமல் அங்கேயே கிடக்கட்டும் என்று எழுதிவிட்டால் உங்கள் சந்தேகம் தீருமா? காசு இல்லாத இடத்தில் கள்ள வேலைக்கும் ஆள் வராது.


வால்பாறை தேவி

மரம் அங்கேயே கிடக்கும் என்றால், முதலில் உண்ணிச்செடியைப் பிடுங்குவார்கள் என்றால், இந்த மலைப் பழங்குடிகளான காடர்கள் எந்த மரம் நிற்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில் இருப்பார்கள் என்றால் பேசலாம் ஐயா. 2006 வன உரிமைச் சட்டத்தில் காட்டைக் காக்கும் உரிமை கிராம சபைக்கு இருக்கிறது, அவர்களைக் கூலிக்கு மட்டும் கூப்பிடுவது போதாது. சின்னத் துண்டில் செய்து, ஐந்து வருடம் பார்த்துவிட்டு அப்புறம் அடுத்த துண்டு.

வெளியிலிருந்து வந்து பரவிய மரத்தை எடுக்கும் வேலை ஏற்கெனவே ஒரு இடத்தில் நடக்கிறது. முதுமலையில் காட்டையே மூடிவிட்ட சென்னா ஸ்பெக்டாபிலிஸ் மரத்தை வெட்டித் தமிழ்நாடு காகித நிறுவனத்துக்குக் கூழுக்குக் கொடுக்கிறார்கள். காட்டுக்கும் நல்லது, ஆலைக்கும் நல்லது. நீலகிரியில் வாட்டில் மரமும் யூக்கலிப்டஸும் ஏக்கர் கணக்கில் புல்வெளியை விழுங்கி நிற்கின்றன. மரம் வேண்டும் என்பவர்கள் முதலில் அங்கே போகட்டும். எடுத்த இடத்தில் திரும்ப அதையே நடாமல் புல்லை வரவிட வேண்டும், அது முக்கியம். கேரளத்தில் 2024இல் மறுபடி யூக்கலிப்டஸ் நட அனுமதி கொடுத்து, எதிர்ப்பு வந்த பிறகு மாற்றினார்கள்.


சென்னை அடுக்ககவாசி

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். வாங்குகிற எங்களைப் பற்றி யாரும் பேசவில்லை. எட்டு அடி நிலைக்கு முழுச் சேகு பர்மா தேக்குதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது நாங்கள்தானே. தலைவாசலுக்கு ஆசைப்படுவதை விடுங்கள், குளியலறைக் கதவுக்கும் தேக்குக் கேட்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். இடித்த வீட்டு மரம் காரைக்குடியில் கிடைக்கிறது, எண்பது நூறு வருடம் காய்ந்த மரம், அதை வாங்கி அறுத்துப் போட்டால் வளையாது. மரவாடி சார், வயல் தேக்கை வெள்ளை நீக்கிச் சின்னச் சட்டமாக அறுத்து ஒட்டி நிலை செய்ய முடியாதா?


மரவாடி, செங்கோட்டை

முடியும் சார். 30 அங்குலத் தேக்கில் வெள்ளையைக் கழித்தாலும் இரண்டு அங்குலச் சட்டம் வரும். சூளையில் ஒழுங்காக ஈரம் எடுத்து, பல் வெட்டி ஒட்டினால் நிலைக்கும் தாங்கும், கதவுக்கும் தாங்கும். சூளைக்கும் இயந்திரத்துக்கும் முதல் போட வேண்டும், அதுதான் எங்களை யோசிக்க வைக்கிறது. வாங்குபவர் "ஒட்டு மரமா" என்று முகம் சுளிக்காமல் இருந்தால் போடலாம். எங்கள் சங்கத்தில் இரண்டு பேர் ஆரம்பித்துவிட்டார்கள்.

புதுக்கோட்டை அண்ணே, உங்கள் வரப்புத் தேக்கு நடுச் சுற்றளவு எவ்வளவு இருக்கும்? 30க்கு மேல் என்றால் தனிச் செய்தியில் படம் அனுப்புங்கள். பாஸ் எடுக்கும் வேலைக்கு எங்கள் ஆள் ஒருவரை அனுப்புகிறேன், 2023 டிசம்பரில் கொண்டுவந்த தேசிய டிரான்சிட் பாஸில் இணையவழியே விண்ணப்பிக்க முடிகிறதா என்று முயன்று பார்ப்போம்.


புதுக்கோட்டை விவசாயி

பன்னிரண்டு மரம் 32க்கு மேல் இருக்கிறது. மீதி இன்னும் ஐந்து வருடம் நிற்கட்டும். அடங்கல் நகலை இப்போதே எடுத்து வைக்கிறேன், மழைக்கு முன்னால் ஆள் வந்தால் நல்லது.


பொள்ளாச்சி வாசகன்

வனவர் ஐயா, ஆனைமலைக் கோட்டத்துக்கு அடுத்த செயல் திட்டம் எப்போது எழுதுகிறார்கள் என்று தகவல் உரிமை மனு போடுகிறேன். நீங்கள் சொன்ன நாலு கேள்வியையும் தோட்ட வாரியாகக் கேட்டு, வரைபடத்தோடு பதில் வேண்டும் என்று எழுதப்போகிறேன். தேவி, காடர் கிராம சபையில் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் மனுவை அனுப்பும் முன் அவர்களிடம் காட்டிவிடலாம்.